வாயிலில் கட்ட ஒரு தொல்பல்லி

வாகை சூடிய குடியில் வந்தவரும், ஏழ்மலைக்கும் இருகடலுக்கும் காவலரும், இவ்வோலையைச் சொல்லி எழுதுவிக்கும் இப்பொழுதில் இடக்கால் வீங்கி ஒட்டகத்தின் மேல் ஒருக்களித்து அமர்ந்திருப்பவருமான நெடுவாகைக் கோன் வெண்கோடன், தலைநகரில் நம் அரியணையை நம்மினும் நன்றாகக் காத்துவரும் பட்டத்தரசி நறுவீ மாதேவியார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் மாளிகையில் விளக்கொளி குன்றாதிருக்க. நாட்டில் மழை பொய்யாதிருக்க. நம் மகள் அல்லியங்கோதை வேளைக்கு உண்டு, அழாமல் உறங்குக.

கோதையை மணக்க விரும்பிய கானலூர் வேள்மகன் பரிதிவேளிடம் நாம் கேட்டது யாதென்பதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அதற்காகத் தாங்கள் நம்மோடு பேசாதிருந்ததை நாமும் மறக்கவில்லை. பெண் கேட்டு வருபவர், அவள் தந்தை குறிக்கும் விலங்கை உயிரோடு கொணர்ந்து மணநாளன்று வாயிலில் கட்ட வேண்டும் என்பது நம் குடிமரபு. பிறர் குதிரை கேட்பர், காளை கேட்பர். நாமோ, உலகம் இளமையாயிருந்த காலத்துத் தொல்பல்லிகள் செம்பாலையின் நடுவே இன்னும் மலைபோல் உலவுகின்றன என்று உப்பு வணிகர் அளந்த கதையைப் பற்றிக்கொண்டு, அதில் ஒன்றைக் கேட்டோம். இல்லாத விலங்கைக் கேட்டால், இல்லையென்று சொல்லாமலே மகளை நம்மோடு வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணினோம். பெண்ணின் தந்தையே சான்றாக உடன் செல்ல வேண்டிய மரபின்படி நாம் புறப்பட்டபோது, எந்த விலங்கும் வேண்டாம், நீர் ஒருவர் முழுதாகத் திரும்பினால் போதும் என்று தாங்கள் வாயிலில் நின்று சொன்னதும் நினைவிலுண்டு.

தேவி, அந்த விலங்கு இருக்கிறது.

செங்குன்றுகள் சூழ்ந்த பள்ளத்தாக்கில், சுனையோரத்து ஈச்சமரங்களுக்கு மேலே ஒரு தலை நின்று தழை மென்றுகொண்டிருந்தது. அதன் தோல் வறண்ட ஏரியின் தரைபோல் வெடித்திருந்தது. வால் எங்கே முடிகிறதென்று பார்க்க ஆள் அனுப்ப வேண்டியிருந்தது. நம் யானைப்பாகர் கொற்றன், “யானையை அடக்கச் சொன்னால் அடக்குவேன் அரசே, கோபுரத்தை அடக்கச் சொன்னால் எப்படி?” என்று விண்ணப்பித்துவிட்டு ஒட்டகத்தின் பின்னே ஒதுங்கினார்.

அங்கேதான் நாம் ஒரு பிழை செய்தோம். காட்டுயானை பிடிபட்டால், சோறும் வெல்லமும் பிசைந்த முதற்கவளத்தை அரசர் தம் கையால் ஊட்டிப் பெயரிடுவதும், அன்றுமுதல் அது நம் குடியில் ஒன்றாவதும், பிறர் அதற்குக் கயிறிடல் ஆகாது என்பதும் தாங்கள் அறிந்ததே. அத்தனை பெரிய வாய் நம் முன் தாழ்ந்து வந்தபோது, பழகிய கை தானாகவே வழியுணவுப் பொதிக்குள் சென்றது. கவளம் ஊட்டினோம், பெயரும் இட்டோம். நாவில் முதலில் வந்தது தங்கள் அன்னையாரின் திருப்பெயர். கழுத்தின் கம்பீரமன்றி வேறு காரணமில்லை என்று முடிமேல் ஆணையிட்டுக் கூறுகிறோம்.

விலங்கு நம்முடையதாயிற்று. நம் விலங்கையே நம் வாயிலில் கட்டிப் பெண் கேட்க எவருக்கும் வழியில்லை. பரிதிவேளின் முகம் வாடியது. நாம் வருந்துவதுபோல் இருமினோம். உள்ளே முரசு கொட்டியது.

முரசு நெடுநேரம் ஒலிக்கவில்லை. இன்னும் வெல்லம் வேண்டி அந்த விலங்கு நம்மைத் தொடர, பின்னோக்கி நடந்த நாம் மணல் மூடிய பிளவொன்றில் விழுந்தோம். அங்கே நமக்கு முன்பே அதன் குட்டி விழுந்து கிடந்தது. கன்றுக்குட்டி அளவே இருந்தது. மேலே தாய் சங்கு ஊதுவதுபோல் அலறிற்று. பரிதிவேள் கயிற்றோடு இறங்கி, முதலில் நம்மை முதுகில் சுமந்து ஏற்றினார். நம் கனத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறகு குட்டியைத் தூக்கி வந்தார். அதற்குப் பெயரில்லை, அது கவளம் உண்டதில்லை, கயிறோ அவர் தோளிலேயே இருந்தது. “கட்டுங்கள் இளவரசே, கல்யாணமே கையில் இருக்கிறது!” என்று நம் கொற்றனே கட்சி மாறிக் கத்தினார். பரிதிவேளோ குட்டியின் கண்ணிலிருந்த மணலைத் துடைத்து, தாயின் காலடியில் விட்டார்.

ஏன் என்று வினவினோம். மகளைப் பிரிய மனமின்றியே நாம் இதைக் கேட்டோம் என்பது தமக்குத் தொடக்கத்திலேயே தெரியும் என்றும், ஒரு தாயிடமிருந்து பிள்ளையைக் கயிறிட்டு இழுத்து வந்து மற்றொரு தாயிடம் பெண் கேட்கத் தமக்கு நா எழவில்லை என்றும், தோற்ற செய்தியைக் கோதையிடம் தாமே சொல்லிக்கொள்வதாகவும் கூறினார். பின்பு திரும்பி நின்று, கண்ணில் மணல் விழுந்தது என்றார். காற்றே வீசவில்லை, தேவி. நம் கண்ணிலும் விழுந்தது.

ஆகவே நம் ஆணை இது. அப்பள்ளத்தாக்கின் வழியை எவரும் சொல்லற்க. ஆயுதம் ஏந்தி எவரும் செல்லற்க. தங்கள் அன்னையாரின் பெயர் பூண்ட அப்பெருமாட்டிக்கு ஆண்டுதோறும் வெல்லப்பொதி செல்க. வரும் வளர்பிறையில் மணப்பந்தல் எழுக. கோதைக்கு இச்செய்தியைத் தாங்களே சொல்க. நாம் சொன்னால் குரல் ஒத்துழைக்காது.

வாயிலில் கட்ட விலங்கு எங்கே என்று அவையோர் கேட்பர். பிடிவாதத்தில் தொன்மையானதும், உடலில் பெரியதும், இப்போது நடக்க மாட்டாததுமான ஓர் உயிரைப் பரிதிவேள் முதுகில் சுமந்து மீட்டு, முழுதாகக் கொணர்கிறார் என்று சொல்க. மணநாளன்று அது தங்கள் வாயிலில் கட்டுண்டு நிற்கும். கயிறு மெல்லியதாக இருக்கட்டும். முதற்கவளம் தங்கள் கையால் ஆகுக. பெயர் மட்டும் பழையதே இருக்கட்டும்.

வாகையிலை பொறித்த இலச்சினை இட்டு விடுத்தோம். எவரும் மீறற்க, தாங்கள் ஒருவர் வேண்டுமாயின் மீறுக.