சந்தனம் பூசிய துப்பாக்கி

ஆர்.கே.புரம், புது தில்லி
3-11-1985

அன்புள்ள கோதைக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சௌக்கியம். உன் சௌக்கியத்தை உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன், டெலிபோனில் நீ எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறாய். டொரண்டோவில் குளிர் ஆரம்பித்திருக்கும், காலுறை போடாமல் வீட்டுக்குள் நடக்காதே. இங்கே காலையில் ஸ்வெட்டர் தேவைப்படுகிறது. தீபாவளிக்கு இந்த வருஷம் மிக்ஸர் மட்டும்தான், இரண்டு பேருக்கு எதற்கு இனிப்பு என்று அப்பா சொல்லிவிட்டார். அவர் அப்படிச் சொல்கிறவர் இல்லை என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நம் வீட்டுப் பழைய துப்பாக்கி போய்விட்டது. லைசென்ஸ் இல்லாதவற்றைத் தானாகவே ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் அறிவித்ததும், அப்பா ஓய்வு பெறுகிற சமயத்தில் தலைவலி வேண்டாம் என்று கொடுக்க முடிவு செய்தோம். அதை மியூசியத்தில் வைக்கவேண்டும் என்று நீ ஆசைப்பட்டாயே, அங்கேயும் போய்க் கேட்டேன். சுட முடியாத பழம்பொருள் என்று போலீஸ் எழுதினால் எடுத்துக்கொள்வோம், சுடக்கூடியது என்றால் அழித்துவிடுவார்கள் என்றார்கள். இதை அப்பாவிடம் தெளிவாகச் சொன்னேன். ஆனால் நடுவில் ஆயுத பூஜை வந்தது. வருஷா வருஷம் செய்வதுபோல் அதை எண்ணெய் போட்டுத் துடைத்தார், கடைசி வருஷம் என்பதால் துரு முழுவதையும் சுரண்டினார். பித்தளைத் தகட்டில் உன் கொள்ளுத்தாத்தா பெயர் பளிச்சென்று தெரிந்தது. சந்தனம், குங்குமம் வைத்து, என் கல்லூரிப் புத்தகங்களுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார். அழுக்கோடு கொடுக்கலாமே என்றேன். "நம்ம வீட்டை விட்டுப் போற சாமான், அழுக்கா போகலாமா?" என்றார்.

ஸ்டேஷனில் இருந்த அதிகாரி அதைக் கையில் வாங்கி, வாஹ் சாப், இது இன்னும் சுடுமா என்று இந்தியில் கேட்டார். இவர் நெஞ்சை நிமிர்த்தி, "பில்குல் அச்சா கண்டிஷன்!" என்றார், ஒரு பழுதும் இல்லையாம். நான் முழங்கையால் இடித்தேன். "எதுக்கு இடிக்கிறே?" என்று என்னையே உரக்கக் கேட்டார். அதிகாரி சிரித்துக்கொண்டே, சுடக்கூடியது என்று எழுதிவிட்டார். வெளியே வந்து ஸ்கூட்டர் ரிக்‌ஷாவில் உட்கார்ந்த பிறகுதான் இவருக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னால், எழுதினது எழுதினதுதான் என்றார்களாம். உள்துறையில் இருக்கும் கஸ்தூரிரங்கன் மாமாவும் முயன்று பார்த்தார், நடக்கவில்லை. போன வாரம் அந்தத் தகட்டையாவது கேட்டு வாங்கலாம் என்று இவரே போனார். ஸ்டேஷன் பின்கட்டில் காஸ் வைத்து வெட்டிய துப்பாக்கிக் குழாய்கள் ஒரே குவியலாகக் கிடந்தனவாம், தகட்டைக் காணோமாம், எது நம்முடையது என்று தெரியவில்லையாம்.

அந்தத் துப்பாக்கி வெள்ளைக்காரனைச் சுட்டது என்ற கதையை நான் ஒரு நாளும் நம்பியதில்லை. மன்னார்குடிப் பக்கம் நாலு பன்றியை விரட்டியிருக்கும், அவ்வளவுதான். இரும்பு போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் இவர் சாயங்காலம் நடக்கப் போவதில்லை, ரேடியோ போடுவதில்லை. "கோதை ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, அதை நானே துடைச்சுக் கெடுத்துட்டேன். அவளுக்கு எழுதாதே" என்கிறார். நான் எழுதுகிறேன், ஏனென்றால் தபால்காரர் வருகிற நேரத்துக்கு இவர் வாசலில் போய் நிற்கிறார், உன் கடிதம் வந்தால், துப்பாக்கி என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பாயோ என்று பிரிக்கப் பயப்படுகிறார்.

உனக்குக் கோபம் இருந்தால் அதை எனக்கு எழுது, எவ்வளவு வேண்டுமானாலும் எழுது. அப்பாவுக்கு உன் வேலையைப் பற்றி, சமையலைப் பற்றி, எதையாவது கேட்டு எழுது. பதில் சொல்ல ஏதாவது இருந்தால் மனிதர் தேறிவிடுவார்.

நீண்ட ஆயுளோடும் நல்ல புத்தியோடும் இரு, தாயே. மறக்காமல் அவருக்குத் தனி உறையில் அனுப்பு. என் கடிதத்துக்குள் மடித்து வைத்தால், நான் சொல்லித்தான் எழுதினாய் என்று கண்டுபிடித்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா