வரப்புப் புல்லில் சுருட்டிய வீடு

ஐப்பசி, செவ்வாய் இரவு

இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை. கூமாப்பட்டி வயல் வரப்பில் நான் ஆசையாகப் பார்த்துவந்த புழுக்களை இன்று என் வீட்டுக்காரரே மருந்தடித்துக் கொன்றுவிட்டார்.

புல்வெளியில் துள்ளித் துள்ளிப் பறக்கும் சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சியின் புழுக்கள் அவை. புல்லின் இரண்டு ஓரத்தையும் தன் நூலால் இழுத்துக் கட்டி, குழல் மாதிரி வீடு செய்து உள்ளே இருக்கும். எச்சத்தைக்கூட வீட்டுக்குள் வைக்காது. மோப்பம் பிடித்துக் குளவி வந்துவிடும் என்று எட்டத் தெறிக்கவிடும்.

"சுருட்டுப்புழுல்லா அது. நெல்லுல ஏறுமுன்ன அடிச்சுட்டேன்" என்றார்.

"நெல்லுல விழுற சுருட்டுப்புழு வேற, இது வேற. நம்ம பயிர்ல ஒத்த இலை சுருண்டிருந்துச்சா?"

"எலையச் சுருட்டுனா எல்லாம் ஒண்ணுதான். ஒரு புழுவுக்காண்டி இம்புட்டுக் கோவம்?"

ஞாயிற்றுக்கிழமை அவரைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அந்த வீடுகளைக் காட்டியவள் நான்தான். அதைப் பார்த்துவிட்டுத்தான் மருந்து வாங்கியிருக்கிறார்.

மிச்ச வரப்புக்கும் நாளை காலையில் அடிப்பாராம். குறட்டை கேட்கிறது. ஸ்பிரேயரின் நுனியில் மருந்தைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி என் ஆபீஸ் பையில் போட்டுவிட்டேன். காலை முதல் பஸ்ஸில் அதுவும் என்னோடு ஸ்ரீவில்லிபுத்தூர் வருகிறது. தேடட்டும்.