ஒன்பது தட்டு

என் அன்புக்குரியவளே,

விடுமுறை விருந்து முடிந்துவிட்டது. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய். நிஜமாகவே கிடைக்கவில்லையா என்று நான் கேட்கப்போவதில்லை.

இந்த முறை சமையல் முழுக்க என் தலையில். எல்லோரும் பங்கு போட்டுத்தானே செய்கிறோம் என்று உன்னிடம் எத்தனை தடவை வாதாடியிருப்பேன்! தங்கை இனிப்பு வாங்கி வருவாள், தம்பி நாற்காலி போடுவான், நான் வெங்காயம் உரிப்பேன். இன்று கோழியைக் கருக்கி, கையையும் சுட்டுக்கொண்டேன். அது கிடக்கட்டும்.

விருந்துக்கென்றே பரணில் வைத்திருக்கும் பூப்போட்ட தட்டுகளை இறக்கினேன். நீ இல்லாமல் நாங்கள் ஒன்பது பேர்; இருந்ததும் ஒன்பதே தட்டு. நீ இல்லாத அன்று ஒன்று மிஞ்ச வேண்டாமா? இரண்டு தரம் எண்ணிவிட்டு, உடைந்துவிட்டதா என்று தங்கையிடம் கேட்டேன்.

"எப்பவும் ஒன்பதுதானே அண்ணா? அண்ணிதான் அடுப்படியிலயே நின்னுக்கிட்டு, சட்டியில மிஞ்சினத சாப்பிட்டுருவாங்களே" என்றாள், வெகு சாதாரணமாக.

நமக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம்! எங்களுக்குப் பிறகு நீ உட்கார்ந்து சாப்பிடுவாய் என்றல்லவா நினைத்திருந்தேன். பரிமாறி முடித்தும் மேஜைக்குப் போகக் கால் வரவில்லை. அடுப்படியிலேயே நின்றுவிட்டேன்.

"சாப்பாடு ஆறுதுடா, வந்து உட்காரு" என்று அம்மா கூப்பிட்டாள். தம்பி கூப்பிட்டான். "நீ வராம யாரும் கை வைக்க மாட்டோம்" என்று தங்கை எழுந்தே வந்துவிட்டாள்.

உன்னை ஒரு நாளாவது நான் அப்படிக் கூப்பிட்டிருக்கிறேனா? எனக்கு ஞாபகம் வரவில்லை. உனக்கு வந்தால் எழுது.

இப்படிக்கு,
வெங்காயம் மட்டும் உரித்தவன்