நெல் மூட்டைக்குப் பின்னால்

அன்புள்ள உம்மாவுக்கு,

ரிஃப்காவின் ஸலாம். வாப்பாவின் முழங்கால் வலி குறைந்ததா? குடவாசலில் நான் நலம். போனில் பேசினால் என் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று, பள்ளி முதலாளியின் நெல் மூட்டைகள் அடுக்கியிருக்கும் எங்கள் வகுப்பறையில், நர்சரிப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டையை வைத்து எண்ணச் சொல்லிக்கொடுத்தேன். நான்கு வயது யாழினி மட்டும் வெள்ளையாக எதையோ மடியில் வைத்து, "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

"எங்க எடுத்த?"

"நெல் மூட்டைக்குப் பின்னால, டீச்சர். இன்னும் நெறைய இருக்கு."

தொட்டுப் பார்த்தேன். தோல் போல மெத்தென்று இருந்தது. பாடிக்கொண்டே பிள்ளைகளை வெளியே அழைத்துப் போனேன். யாரும் பயப்படவில்லை. முட்டைகளைப் பார்த்த ஆயா திலகம், "நல்ல பாம்பு, டீச்சர்" என்று மெதுவாகச் சொன்னார்.

பாம்பு பிடிப்பவர் வந்து, மூட்டைகளுக்குப் பின்னால் இருந்த சுவரோரப் பொந்தைத் தோண்டி முட்டைகளை எடுத்துவிட்டு, அதை அடைத்தார். தாய் அகப்படவில்லை. "முட்டைய விட்டுட்டு தூரமா போவாதுங்க, பாத்து இருங்க" என்றார். பள்ளி முதலாளியிடம் விடுமுறை கேட்டேன். "பொந்தத்தான் அடைச்சாச்சுல்ல, நாளைக்குத் தொறங்க" என்று சொல்லிவிட்டார். இன்று காலை மூட்டைகளைக் கம்பால் தட்டிப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை.

கவலைப்படாதீர்கள். காக்கா தன் தங்கச்சியைப் பார்க்க வரும்போது அவரிடம் நல்ல டார்ச் லைட்டும், தரைவரை தொங்கும் கொசுவலையும் கொடுத்துவிடுங்கள். என் அறையும் இதே கட்டடத்தில்தான். நீங்கள் அனுப்பும் வாய்ஸ் மெசேஜைப் போட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன், இன்னும் கொஞ்சம் நீளமாகப் பேசி அனுப்புங்கள்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் நான் உள்ளே போக வேண்டும்.

உங்கள் மகள்,
ரிஃப்கா