இல்லாத கிரகத்துக்குக் கட்டிய பேனர்

போத்தனூர்,
நவம்பர் 2025, திங்கள் காலை

அன்பு மகள் டீனாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். வழக்கத்துக்காக எழுதுகிற வரி இல்லை கண்ணு இது, போன வாரம் எழுதியிருந்தால் பொய்யாகத்தான் எழுதியிருப்பேன். நேற்று உன் போன் வந்த பிறகுதான் இந்த வீட்டில் மூன்று வாரத்துக்கு அப்புறம் சோறு தொண்டையில் இறங்கியது. அப்பா ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். நீயும் அங்கே சுகமாக இருக்கிறாய் என்று நம்புகிறேன், உன் சிரிப்பைக் கேட்டுவிட்டதால் தைரியமாகவே நம்புகிறேன்.

போன் இருக்க எதற்குக் காகிதம் என்று கேட்பாய். போனை எடுத்தால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லுகிறார், அப்புறம் என் பேச்சையும் அவரே பேசிவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல எனக்குக் கொஞ்சம் இருக்கிறது. தெருக்கோடி வீட்டு லோகப்பிரியா மேல்படிப்புக்கு நெதர்லாந்து வருகிறாள், உன் ஊரிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரமாம். அவளிடம் பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், கடலை உருண்டை கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கடிதம் பொடி டப்பாவுக்கு அடியில் இருக்கும். அப்பா மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் முடிக்க வேண்டும், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா மேல் கோபம் இல்லை என்று நேற்று சொன்னாய். எனக்குத் தெரியாதா உன்னை, கொஞ்சம் இருக்கிறது. இருக்கட்டும், எனக்கும் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் நடந்ததெல்லாம் உனக்குத் தெரியாது, அதையும் கேட்டுவிட்டுக் கோபப்படு. செப்டம்பரில் நீ சொன்னாயே, ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சம் விட்டு விட்டுத் துளி மங்குகிறது, தெருவிளக்குக்குக் குறுக்கே பூச்சி பறந்த மாதிரி, அது அந்த நட்சத்திரத்தைச் சுற்றுகிற கிரகமாக இருக்கலாம், நம் பூமி அளவுதான் இருக்கும், முதலில் பார்த்தது நீதான் என்று. "இன்னும் உறுதியாகலைங்கம்மா, வேற டெலஸ்கோப்புலயும் பாக்கோணும், அதுவரைக்கும் யாருகிட்டயும் சொல்லீராதீங்க" என்று இரண்டு தரம் சொன்னாய். அப்பாவும் நன்றாகத் தலையை ஆட்டினார். ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனுஷன், சொன்ன சொல் காப்பாற்றுவார் என்று நானும் இருந்துவிட்டேன். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும், மகளுக்காக ஜெபிக்கச் சொல்லுகிற சாக்கில் போதகரிடம் மொத்தத்தையும் கொட்டிவிட்டார். சாயங்காலம் காங்கேயத்துக்குப் போன் போட்டு உன் பெரியப்பாவிடம். சென்னியப்பப் பெரியப்பாவுக்கு ஒரு சங்கதி தெரிந்தால் அவர் மகன் கதிருக்குத் தெரியும், கதிர் வைத்திருப்பதோ ஃப்ளெக்ஸ் கடை. காதுகுத்து, வளைகாப்பு, கண்ணீர் அஞ்சலி என்று இந்தச் சனத்தில் எதையும் விட்டுவைக்காதவன், தங்கச்சி கிரகம் கண்டுபிடித்தால் சும்மா இருப்பானா.

நீ அந்தப் பேனரைப் போனில் பார்த்திருப்பாய், நேரில் பார்த்திருக்க வேண்டும். நம் தெருமுனையில், அப்துல் நாசர் பாய் டீக்கடையையே மறைத்துக்கொண்டு நின்றது. பட்டம் வாங்கின அங்கியில் நீ, உனக்குப் பின்னால் ஒரு ராக்கெட் நெருப்பைக் கக்கிக்கொண்டு போகிறது. நீ ராக்கெட் பக்கமே போனதில்லையே என்று ஒருவரும் கேட்கவில்லை. "புதிய பூமியைக் கண்டறிந்த போத்தனூரின் பெருமையே" என்று மேலே கொட்டை எழுத்து. கீழே வரிசையாக நம் சனம் எல்லாம். கதிர் மகள் யுவஸ்ரீ கூலிங் கிளாஸோடு, அப்பா காதில் போனை வைத்துக்கொண்டு, நான் பழைய கல்யாண ஆல்பத்திலிருந்து வெட்டின முகத்தோடு. உள்ளதைச் சொல்கிறேன், வேலைக்குப் போகிற வழியில் நின்று பார்த்தேன், நெஞ்சு நிறைந்துதான் போனது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் நீ சொன்னது ஞாபகம் வந்தது. வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன், கதிர் ஆசையாகக் கட்டினது, ரெண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும் என்றார் அப்பா. அந்த இரண்டு நாளில் வானத்தில் நடக்கிற சமாச்சாரம் அத்தனைக்கும் நீயே பொறுப்பு என்று தெரு முடிவு கட்டிவிட்டது. வேறொரு நட்சத்திரத்துப் பக்கமிருந்து ஒரு வால்நட்சத்திரம் வந்திருக்கிறதாமே, அது வேற்றுக்கிரகத்துக்காரன் கப்பல் என்று வாட்ஸ்அப்பில் வந்ததாம், "அம்மணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்களேன், புள்ளைக பயப்படுதுங்க" என்று எதிர்வீட்டு ராசம்மாள் அக்கா கேட்கிறார். அது பனிக்கட்டியும் தூசியும்தான் என்று நீ எப்போதோ சொன்னதை வைத்து நானே பதில் சொல்லி அனுப்பினேன். வடக்கால மழை வருமா என்று கேட்டவரும் உண்டு.

அப்புறம் நடந்ததுதான் உனக்குத் தெரியுமே. யாரோ படம் பிடித்துப் போட, அது சுற்றிச் சுற்றி உன் ஆபீசில் இருக்கிற தமிழ்ப் பையன் வரை போய், அங்கிருந்து உன் புரொஃபசர் அம்மா வரை போய்விட்டது. அன்றைக்கு நீ போனில் பேசின குரல் என் காதை விட்டுப் போகவே இல்லை. "அதை இறக்கச் சொல்லுங்கம்மா. என் வேலைய நீட்டிக்கறதா வேண்டாமான்னு இந்த மாசந்தான் முடிவு பண்றாங்க. நிரூபிக்காததுக்குப் பேனர் கட்டிக்கிட்டவள்னு எம் பேரு ஆகிப்போச்சு" என்றாய், அவ்வளவுதான், வைத்துவிட்டாய். அதற்கப்புறம் நான் என்ன அனுப்பினாலும் "ம்", "பிஸி", ஒரு கட்டைவிரல் படம். சாப்பிட்டாயா என்று கேட்டால் கட்டைவிரல், உடம்பு எப்படி என்று கேட்டால் கட்டைவிரல்.

பேனரை அப்பாவே இறக்கினார். கதிரை வரச் சொல்லலாம் என்றேன், கேட்கவில்லை. நாசர் பாயிடம் ஏணி வாங்கி, வெயிலில் நின்று, கம்பி ஒவ்வொன்றாக அவிழ்த்தார். போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று "ஏனுங்க, அந்தக் கிரகம் இல்லீங்களாமா?" என்று கேட்டார்கள். "பாத்துட்டிருக்காங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் குனிந்தபடியே சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். அதற்கப்புறம் டீக்கடைப் பக்கம் போகவில்லை, கோயிலுக்குப் பின்வழியாகப் போய்ப் பின்வழியாக வந்தார், தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்தார். "என் வாயால புள்ளைக்கு வேலை போகப்போகுது கிருபா" என்று ஒரே பாட்டு. நான் அவரைத் திட்டவும் முடியாமல் தேற்றவும் முடியாமல் இருந்தேன். எனக்கு உன் வேலையைக் காட்டிலும் உன்னை நினைத்துத்தான் பயம். நாலரை மணிக்கே இருட்டுகிற ஊரில், தனி அறையில், யாரிடமும் பேசாமல் இந்தப் பிள்ளை என்ன செய்கிறதோ என்று. ஆண்டவரே, கிரகமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், இவள் ஒரு வார்த்தை முழுசாகப் பேசினால் போதும் என்றுதான் ஜெபித்தேன்.

இதற்கு நடுவில்தான் அப்பா அடுத்த வேலையைச் செய்து வைத்தார். கதிரைப் பிடித்து, உன் டிபார்ட்மெண்ட் வெப்சைட்டைத் தேடி, புரொஃபசர் அம்மாவுக்கு நேராக ஒரு மெயில் போட்டிருக்கிறார். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுதுவாரே, அதே நடை. மதிப்பிற்குரிய மேடம், நான் டீனாவின் தகப்பன், கிரகத்தைப் பற்றி வெளியே சொன்னது என் மகள் இல்லை, நான்தான், அவள் சொல்ல வேண்டாம் என்றாள், தயவுசெய்து அவளை மன்னித்து வேலையில் தொடர அனுமதிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்கு தேவதாஸ், ரயில்வே ஓய்வு. மொழிபெயர்ப்பெல்லாம் கதிரின் போன். அனுப்பி இரண்டு நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டின்போது மெதுவாக என்னிடம் சொன்னார். நான் போட்ட சத்தத்தில் ராசம்மாள் அக்கா வாசலுக்கே வந்துவிட்டார். பேனர் போதாதென்று இது வேறா, முப்பது வயதுப் பெண்ணுக்கு அப்பன் சிபாரிசு எழுதினால் அந்த ஊரில் சிரிக்க மாட்டார்களா என்று கத்தினேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்குத்தான் இந்த மனுஷன் எவ்வளவு உடைந்திருக்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

அதனால்தான் நேற்று உன் பெயர் போனில் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுத்தேன். நீ என்னவோ சர்வசாதாரணமாகச் சொன்னாய். "கிரகம் இல்லைங்கம்மா. பின்னாடி வெகு தூரத்துல ரெண்டு நட்சத்திரம் ஒண்ணையொண்ணு மறைச்சுச் சுத்துது, அந்த மங்கல்தான் முன்னாடி இருக்கற நட்சத்திரத்தோட கலந்து வந்திருக்குது" என்றாய். பின்வீட்டு விளக்கு அணைந்து அணைந்து எரிவதை நம் வீட்டு விளக்கு என்று நினைத்த கதை என்று எனக்குப் புரிந்தது, சரிதானே. இது கிரகமில்லை என்று கண்டதும் நீதான், வேறு யாரும் சொல்வதற்கு முன்னால் நீயே போய்ப் புரொஃபசர் அம்மாவிடம் சொன்னாய், அதை எல்லோரும் மெச்சினார்கள், இன்னும் இரண்டு வருஷம் வேலையை நீட்டித்திருக்கிறார்கள் என்றாய். நான் அப்படியே அடுப்பங்கரையில் தரையில் உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. அழுதேன், உனக்குக் கேட்டிருக்கும். அந்தப் புரொஃபசர் அம்மா நல்லாயிருக்க வேண்டும். அப்பாவின் மெயிலைப் படித்துவிட்டு, தன் அப்பாவும் கடைசிவரை மகள் ராக்கெட்டில் போகிறாள் என்றே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார் என்று சொன்னாராமே. வேலைக்கும் மெயிலுக்கும் சம்பந்தமே இல்லை என்று நீ எத்தனை தரம் சொன்னாலும் உன் அப்பா நம்பப் போவதில்லை. காலையிலிருந்து "மெயிலு வேலை செஞ்சுபோட்டுதல்ல" என்று இரண்டு முறை சொல்லியாயிற்று. விட்டுவிடு, இந்த ஒரு சந்தோஷத்தை நான் கெடுக்கவில்லை.

கிரகம் இல்லாமல் போனதில் உனக்கு வருத்தம் இருக்கும், இல்லாமல் எப்படி, ராத்திரி பகல் பார்த்து உழைத்தாய். நம் சூரியனை விட்டு வெளியே ஆறாயிரத்துக்கும் மேலே கிரகம் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நீதானே சொன்னாய், உனக்கென்று ஒன்று வராமலா போகும். நான் ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் கொடுக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறவள். முதல் படத்தில் ஏதோ நிழல் தெரிகிறது என்று அனுப்பினவர்கள் வருவார்கள், மறுபடி வேறு மிஷினில் பார்த்து ஒன்றும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போவார்கள். போன மாதம் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் எங்கள் எல்லோருக்கும் இளநீர் வாங்கிக் கொடுத்தார். இல்லை என்பதை உறுதியாகச் சொல்லவும் ஓர் ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த வேலையைத்தான் நீயும் செய்திருக்கிறாய் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது அப்பா காதில் விழக்கூடாது என்றேனே, அதற்கு வருகிறேன். நேற்று நீ பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய், அப்பா அதைக் கவனிக்கவில்லை. கிரகம் இல்லை என்று பேனர் இறக்கின வாரமே உனக்குத் தெரிந்துவிட்டது, புரொஃபசர் அம்மாவிடம் அன்றைக்கே சொல்லிவிட்டாய், எங்களிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை என்றாய். இத்தனை நாளும் நீ கோபத்தில் பேசவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்க, நீ எங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று தவித்திருக்கிறாய். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை அம்மணி. யாரோ ஒருத்தியிடம் சொல்ல முடிந்தது, பெற்றவர்களிடம் முடியவில்லையே. பேனரைப் பார்த்து, இவர்களுக்கு ஜெயித்த டீனாதான் வேண்டும் என்று எண்ணிவிட்டாயோ. நல்ல செய்தியை வைத்துக்கொள்ளத் தெரியாத வீடுதான் இது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நீ காலேஜ் முதல் வருஷத்தில் கணக்கில் தோற்று, இனி படிக்க மாட்டேன் என்று ஹாஸ்டலை விட்டுப் பெட்டியோடு வந்து நின்றாயே, அது இன்றுவரை உன் பெரியப்பாவுக்குத் தெரியாது. போதகருக்குத் தெரியாது. காய்ச்சல், அதனால் வந்திருக்கிறாள் என்று அப்பா எல்லோரிடமும் சொன்னார், என்னிடம்கூட அந்தப் பேச்சை மறுபடி எடுத்ததில்லை. அதுவும் இதே வாய்தான்.

ராத்திரி சாப்பிடாமல் படுக்காதே, ஆறின சோற்றில் பொடியும் நல்லெண்ணெயும் போட்டால் போதும். ஸ்வெட்டர் கனமாக ஒன்று வாங்கு. வருகிற கிறிஸ்துமஸுக்கு முடியாவிட்டால் பரவாயில்லை, சித்திரையில் வா. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கையின் வேலையை ஆசீர்வதிப்பாராக. அப்பாவின் முத்தமும் என் முத்தமும்.

ஒன்றை மறக்காதே. கிரகம் ஏதாவது கிடைத்தால் என் நம்பருக்கு மட்டும் கூப்பிடு. கிடைக்காவிட்டால் அப்பாவைக் கூப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா,
தே. கிருபாவதி