கையெழுத்துப் போடாதவர்

அன்புள்ள நைனாவுக்கு, நந்தினி வணங்கி எழுதுகிறேன். முழங்கால் வலி இப்போது தேவலையா? அம்மா மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள்கிறார்களா? அமெரிக்காவில், இந்த டோவர் ஊரில் நான் நன்றாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி வேலை பழகிவிட்டது.

போன ஞாயிறு பேச ஆளில்லாமல், இங்கே பக்கத்தில் வாழ்ந்த ஜான் டிக்கின்சன் என்ற பழைய தலைவரின் வீட்டைப் போய்ப் பார்த்தேன். ஆங்கிலேயர் போட்ட வரிகளை எதிர்த்து, ஒரு விவசாயி எழுதுவதுபோலக் கடிதங்கள் எழுதி ஊரையே எழுப்பியவர். ஆனால் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்துப் போடவில்லை. நாடு இன்னும் தயாராகவில்லை என்றார். கோழை என்று ஏசினார்கள். அப்படியும் போருக்குப் படையோடு போனார்.

அங்கே நின்றபோது நீங்கள் வேலை பார்த்த கும்மிடிப்பூண்டி கம்பெனி வாசல்தான் கண்ணில் நின்றது. சங்கத்துக்கு மனுவெல்லாம் எழுதிய நீங்கள், ஸ்டிரைக் நோட்டீசில் மட்டும் கையெழுத்துப் போடவில்லை.

"பயந்துக்கினுதானே போடல, நைனா?" என்று அன்று கேட்டேன்.

"கான்ட்ராக்ட் ஆளுங்க வேலை பூடும்மா. கொஞ்சம் பொறுக்கலாம்னேன்" என்றீர்கள். நான் நம்பவில்லை.

ஸ்டிரைக் தொடங்கியதும் முதல் ஆளாக வாசலில் உட்கார்ந்தீர்கள். உங்கள் வேலையும் போனது. அப்போதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

போனில் வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். அன்று நான் கேட்டது தப்பு, நைனா.

அம்மாவிடம் சொல்லிக் கொஞ்சம் கறிவேப்பிலைப் பொடி அனுப்புங்கள். தனியாகச் சாப்பிட்டால் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

டூட்டிக்கு பஸ் வந்துவிட்டது. இதற்குப் பதில் எழுத வேண்டாம். அடுத்த தடவை போனில், "இன்னாம்மா, சாப்டியா?" என்று கேளுங்கள், போதும்.

உங்கள் மகள்,
நந்தினி