மழை பேண்டின் இடுப்பளவு

என் வாயாடிக்கு அம்மா எழுதுவது. நான் இங்கே நன்றாக இருக்கிறேன். நீயும் அங்கே நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதை நம்பத்தான் பார்க்கிறேன். கால் வலி தேவலை. மாடியில் இருக்கும் உன் அத்தை தினமும் இறங்கி வருகிறாள். அவளுக்கும் பேச ஆள் இல்லை, எனக்கும் இல்லை, ஆனாலும் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால் டிவியைத்தான் பார்க்கிறோம்.

முதலில் அந்த ஊர்க் குளிர் விஷயம். கம்பெனியில் மழை உடுப்புத் தைத்தே கண் போனவள் சொல்கிறேன், கேள். சைக்கிளில் வேலைக்குப் போகிறவள் வாசலிலேயே கதகதவென்று இருக்கும்படி உடுத்தக் கூடாது. கொஞ்ச தூரம் மிதித்தால் வேர்த்துக் கொட்டும், அந்த வேர்வைதான் பிறகு குளிர்ந்து ஆளைப் படுக்கவைக்கும். உள்ளே பருத்தி வேண்டவே வேண்டாம், நனைந்தால் காயாது. மெல்லிய கம்பளி பனியன், அதற்கு மேல் ஸ்வெட்டர், அதற்கும் மேல் காற்றுப் புகாத கோட்டு. தடியாக ஒன்றையே மாட்டிக்கொண்டு மூட்டை மாதிரி போகாதே. இன்னொரு ஜோடி காலுறை ஆபீஸ் டிராயரில் எப்போதும் கிடக்கட்டும். கோட்டுத் தொப்பி கண்ணை மறைக்கும், பின்னால் வரும் வண்டியைப் பார்க்காமல் திரும்பித் தொலைக்காதே.

அந்த மழை பேண்டை நான் சும்மா தைத்து அனுப்பவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கம்பெனியிலேயே உட்கார்ந்து தைத்து, தையல் ஓடிய இடமெல்லாம் உள்பக்கம் டேப் ஒட்டி, நானே போட்டுப் பார்த்தேன். கட்டிங் மாஸ்டரின் சைக்கிளை வாங்கிக்கொண்டு கொட்டுகிற மழையில் கம்பெனி முற்றத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இந்த வயசுல சர்க்கஸ்ல சேரப் போறீங்களாக்கா என்று மாஸ்டர் கேட்டார், ஜன்னல் முழுக்கச் சிரிப்பு. சிரிக்கட்டும். முட்டி நன்றாக மடங்கியது, ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. இடுப்புக்கு உன்னிடம் அளவு கேட்கவே இல்லை. எனக்குச் சரியென்றால் உனக்கும் சரி, கிளம்புகிற நாள் வரை என் பாவாடையைத்தானே எடுத்துக் கட்டிக்கொண்டு திரிந்தாய்.

கச்சிதமா இருக்கும்மா என்றாய், போட்டோவும் அனுப்பினாய். ராணி மாதிரி இருக்கா என்றாள் அத்தை. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பெரிதாக்கிப் பார்த்தேன். இடுப்பில் கயிறு கட்டி இறுக்கியிருக்கிறாய், துணி முன்னால் கொசுவம் வைத்த மாதிரி குவிந்து நிற்கிறது. தைத்தவளிடமா மறைக்கப் பார்க்கிறாய்? ஏன்டி, நீ சாப்பிடுகிறாயா இல்லையா? மூச்சு விடாமல் பேசுகிறவள் இப்போது எதைக் கேட்டாலும் ம் என்கிறாய், வேலைக் களைப்பு என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு ஆளுக்கு என்னத்தைச் சமைப்பது என்று அடுப்பைப் பற்றவைக்காமலே படுத்துவிடுகிறாய், அதுதானே? உன் அப்பா போனபிறகு நானும் அப்படித்தான் படுத்துக் கிடந்தேன், நீ வந்து தட்டை நீட்டுகிறவரை. இப்போதும் சில நாள் அப்படித்தான். உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை, இருந்தாலும் திட்டுவேன். இந்த வீட்டில் ஒரே ஒரு தட்டைக் கழுவிக் கவிழ்ப்பது எனக்குத் தாங்கவே இல்லையடி.

இனிமேல் சாப்பிட உட்காரும்போது எனக்குப் போன் போடு. பேச வேண்டாம், ம் கூடச் சொல்ல வேண்டாம். போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வை, நானும் இங்கே என் தட்டோடு உட்காருகிறேன்.

மழையும் குளிரும் உன்னைத் தொடாமல் விலகிப் போகட்டும், ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லா இரு. சைக்கிளின் பின்விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டே கிளம்பு. பேண்டைத் திருப்பி அனுப்பச் சொல்லு, இடுப்பைப் பிடிச்சுக் குடுத்துடலாம், ஒரு நிமிஷ வேலை என்கிறாள் அத்தை. பிடித்துத் தர மாட்டேன். அந்த அளவில்தான் என் பெண் இந்த வீட்டைவிட்டுக் கிளம்பினாள்.

உன் அம்மா